மைனர் ராமாமிர்தத்தின் காப்பாளர்

கடலூரில் 1963ஆம் வருஷம் 'உபரி கோர்ட்' என்று ஒன்று இருந்தது. மற்ற கோர்ட்டுகளில் மிஞ்சிப்போன வழக்குகளை முடிப்பதற்காக ஏற்பட்டது. மிஞ்சிப்போவது எப்போதும் புருஷன் பெண்டாட்டி வழக்குதான். நிலத் தகராறு என்றால் வக்கீல்களுக்கு உற்சாகம், கொலை என்றால் பேப்பர்காரர்களுக்கு உற்சாகம். ஒரு பெண் வந்து 'என் குழந்தையைக் கொடுங்கள்' என்று கேட்டால் யாருக்கு என்ன உற்சாகம்? இப்போது அந்தக் கோர்ட் இல்லை. போய்த் தேட வேண்டாம்.

அந்தக் கோர்ட்தான் முப்பத்தாறு வயது ராமாமிர்தத்தைக் குழந்தையாக்கியது. எப்படி ஆக்கியது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமாமிர்தம் சிதம்பரத்துக்காரன். சேத்தியாத்தோப்புப் பக்கம் அவன் அப்பா விட்டுப்போன நிலம் இருந்தது. குத்தகைக்காரன் உழுவான், இவன் ஜிப்பா போடுவான். மெல்லிசான மல் ஜிப்பா, அதற்குள் தெரிகிற மாதிரி தங்கச் சங்கிலி, பத்தடி முன்னாலேயே வந்து சேரும் அத்தர் வாசனை. இப்படி ஊர் சுற்றுகிறவர்களுக்கு நம் பக்கத்தில் 'மைனர்' என்று பெயர். சிதம்பரத்தில் ராமாமிர்தம் என்று விசாரித்தால் நாலு வீதியிலும் கையை விரிப்பார்கள். மைனர் என்று விசாரித்தால் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

அவன் மனைவி அமராவதி, கடலூர் ஓல்டு டவுன் பெண். கல்யாணமாகி ஆறாவது வருஷம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சாயங்காலம் ஆனா எங்க போறீங்க?"

பதில் கன்னத்தில் கிடைத்தது. மறுநாள் காலை அவளைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். நாலரை வயது மகள் ஞானாம்பாளை மட்டும் ஏற்றவில்லை; வீட்டில் தன் தாயிடம் விட்டுவைத்தான்.

"புள்ள வேணும்னா வந்து கால்ல வுழு. அப்பறம் பாக்கலாம்."

அமராவதி விழவில்லை. அண்ணன் சாமிக்கண்ணு வீட்டில் இருந்துகொண்டு, மல்லாட்டைக் கிடங்கில் வேர்க்கடலையில் சொத்தை பொறுக்கும் வேலைக்குப் போனாள். பக்கத்தில் எந்தக் குழந்தை அழுதாலும் அவள் கை முறத்திலேயே நின்றுவிடும். புருஷன் வேண்டாம், போட்ட நகை வேண்டாம், அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட வேண்டாம். ஞானாம்பாள் மட்டும் வேண்டும். அதற்காகத்தான் அவள் உபரி கோர்ட்டின் படி ஏறினாள்.

சம்மன் மூன்று தடவை போயிற்று, மூன்று தடவையும் திரும்பி வந்தது. 'ராமாமிர்தம் என்பவர் மேற்படி வீதியில் இல்லை' என்று எழுதியிருந்தது. மூன்று தடவையும் கோர்ட் சேவகர் விசாரித்தது ஒரே ஆளைத்தான். வாசலில் நின்றிருந்த ஜிப்பாக்காரன் "ராமாமிர்தமா? அப்படி யாரும் இங்க இல்லியேப்பா" என்று சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினானாம்.

கோர்ட் ஆபீஸுக்குத் தலைவர் சிரஸ்ததார். அவர் அமராவதியைக் கூப்பிட்டுக் கண்டித்தார்.

"ஏம்மா, இல்லாத ஆள் மேல கேஸ் போட்டு எங்க நேரத்த வீணாக்குறியே?"

"இருக்காருங்க. மைனருன்னு கேட்டா பச்சப்புள்ளகூட சொல்லும்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கோர்ட்டுக்கு ஆள் முக்கியமில்லம்மா, பேருதான் முக்கியம். ஆள் செத்துட்டாகூட பேர வெச்சிக் கேஸ நடத்திடலாம். பேரு தப்பாப்போச்சின்னா ஆள வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது?"

மனுவின் முதல் பக்கத்தில் ராமாமிர்தம் என்ற பெயருக்கு முன்னால் சிவப்பு மசியில் 'மைனர்' என்று எழுதினார்.

"'ராமாமிர்தம் என்கிற மைனர்'னு போடுங்களேன்," என்றான் சாமிக்கண்ணு. அவன் துறைமுகத்தில் படகுக்குச் சரக்கு ஏற்றுகிறவன்; மூட்டையில் குறி தப்பாகப் போட்டால் சரக்கு எங்கே போய் இறங்கும் என்று தெரிந்தவன்.

"'என்கிற' போட்டா ரெண்டு பேராயிடும். ரெண்டு பேருன்னா ரெண்டு சம்மன். ரெண்டும் திரும்பி வரும். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நாலாவது சம்மன் போன வேகத்தில் சேர்ந்தது. சர்க்கார் காகிதத்தில் 'மைனர்' என்று தன் பட்டம் வந்திருப்பதைப் பார்த்து ராமாமிர்தம் பூரித்துப்போனான். சீட்டாடும் கிளப்பில் எல்லாருக்கும் காட்டினான். கோர்ட்டுக்கு மட்டும் போகவில்லை. மைனர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவதில்லை.

ஆகவே வழக்கு அவன் இல்லாமலே நடந்தது. நீதிபதி ரொம்ப நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்; முகத்தைப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். காகிதத்தைப் பார்த்தபடியே அமராவதிக்கு இருபது நிமிஷம் புத்தி சொன்னார்.

"அம்மா, குடும்பம் என்றால் நாலும் இருக்கும். என் மனைவியை எடுத்துக்கொள். பதினோரு வருஷமாகக் கும்பகோணத்தில் பிறந்த வீட்டில் இருக்கிறாள். நான் போடுகிற கடிதத்துக்குப் பதில்கூடப் போட மாட்டாள். நாங்கள் பிரிந்திருக்கிறோம் என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா? எனக்கு மாற்றலாகிற உத்தியோகம் என்றுதான் சொல்கிறேன். அதற்குப் பெயர்தான் பண்பாடு. பெண்கள் அந்தப் பண்பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும்."

"கத்துக்கிறேங்க. எம் புள்ளயக் குடுங்க," என்றாள் அமராவதி.

நீதிபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "குழந்தைக்குக் காப்பாளர் தகப்பன். தகப்பனுக்கு அப்புறம்தான் தாய். ஆனால் ஐந்து வயது நிரம்பாத மைனர் சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. என்ன செய்வது, எழுதிவிட்டார்கள். சரி, மனுதாரர் புருஷனைப் பிரிந்து வாழலாம். மைனரைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும். மனுதாரரே மைனருக்குக் காப்பாளர்."

அமராவதி அந்தக் கட்டடத்தில் முதல் முறையாக அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், பாவம். தீர்ப்பு வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற ஜனங்களில் அவளும் ஒருத்தி.

தீர்ப்பு நீதிபதியின் வாயிலிருந்து வரும். அதை உத்தரவாக எழுதுகிற டிகிரி குமாஸ்தாவின் பேனாவிலிருந்துதான் வரும். குமாஸ்தாவிடம் அச்சடித்த பாரம் இருந்தது. 'மைனரின் பெயர்' என்று ஒரு கட்டம். அவர் மனுவின் முதல் பக்கத்தைப் புரட்டினார். மைனர் ராமாமிர்தம் என்று சிவப்பு மசியில் பளிச்சென்று இருந்தது. எழுதினார். 'மைனரின் வயது' என்று அடுத்த கட்டம். நாலாம் பக்கத்தில் நாலரை என்று இருந்தது. அதையும் எழுதினார். நீதிபதி தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

டிகிரியை நிறைவேற்றும் வேலை அமீனா அப்துல் வதூதிடம் வந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் உத்தரவை ஓர் எழுத்துக்கூட மீறாதவர். ஒரு தடவை ஜப்திக்குப் போன இடத்தில் 'வீட்டுக் கதவு' என்று மட்டும் எழுதியிருந்ததால், பீரோவைத் தொடாமல் கதவை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தவர்.

இரண்டு கான்ஸ்டபிள்களுடன் அவர் சிதம்பரம் போய்க் கிளப்பில் நுழைந்தார்.

"இங்க மைனர் யாரு?"

சீட்டாடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே பக்கம் கை நீட்டினார்கள்.

"நான்தான்யா. இந்த ஊருக்கே நான்தான் மைனரு. இன்னா சேதி?" என்றான் ராமாமிர்தம், சீட்டைக் கீழே வைக்காமல்.

"பேரு ராமாமிர்தம்தானே?"

"ஆமா."

"வயசு நாலரையா?"

கிளப்பே சிரித்தது. "முப்பத்தாறுய்யா!" என்றான் அவன்.

அப்துல் வதூது அவன் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உத்தரவைப் பார்த்தார். "பேரு சரியா இருக்குது. வயசு பாக்குறது எம் பொறுப்புல வராது. ஒங்களக் கூட்டிக்கினு போயி தாய்கிட்ட, அதாவது மனுதாரர் அம்மாகிட்ட ஒப்படைக்கணும். அழாம வாங்க."

கடலூர் பஸ்ஸில் மைனருக்கு அரை டிக்கெட்தான் என்று அமீனா கண்டக்டரிடம் புதுச்சத்திரம் வரைக்கும் வாதாடினாராம். கண்டக்டர் மைனரின் காலை அளந்து பார்த்துவிட்டு முழு டிக்கெட் கிழித்தார். அரசாங்கத்தில் வேலை பார்க்காதவர்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

மல்லாட்டைக் கிடங்கு வாசலில் அமராவதியை வெளியே கூப்பிட்டு, அப்துல் வதூது ரசீதை நீட்டினார்.

"மைனர் ஒருத்தர். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்ல நெலமையில இருக்காரு. கையெழுத்துப் போடு தங்கச்சி."

அமராவதி அவருக்குப் பின்னால் பார்த்தாள், கான்ஸ்டபிள்களுக்குப் பின்னால் பார்த்தாள், தெருவின் கோடி வரை பார்த்தாள். "எம் பொண்ணு எங்கங்க?"

"பொண்ணுன்னு உத்தரவுல ஒண்ணும் இல்லம்மா. அல்லா மேல ஆணையா நாலு தடவ படிச்சிப் பாத்துட்டேன்."

காலையிலிருந்து அவள் மடியில் ஒரு சின்னக் கவுன் வைத்திருந்தாள், மகளுக்குப் போட்டுப் பார்க்க. இப்போது அதை யாரும் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். அழுகை வரவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். போடாவிட்டால் ஆளைக் காப்பாளரின் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகலாம் என்று விதி இருந்தது. அப்துல் வதூது அப்படியே செய்தார்.

சாமிக்கண்ணு வேலை முடிந்து வந்தபோது, அத்தர் வாசனை வீடு முழுக்க இருந்தது.

"இது இன்னா கூத்து மச்சான்?" என்று கத்தினான் ராமாமிர்தம்.

"எனக்கென்ன தெரியும் மாப்ள? ஒன்ன வளக்கச் சொல்லி எந்தங்கச்சிகிட்ட குடுத்திருக்காங்க. சாப்டுட்டுப் படு."

மறுநாள் விடியற்காலை ராமாமிர்தம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். பத்து நிமிஷத்தில் அமீனா அவனைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். காப்பாளர் சீட்டு இல்லாமல் மைனர் ஊரை விட்டுப் போகக் கூடாதாம். சேத்தியாத்தோப்புக் குத்தகைக்காரனுக்கு ஆள் விட்டான். இனிமேல் எதுவானாலும் காப்பாளரம்மாவிடம்தான் பேசுவேன் என்று அவன் சொல்லி அனுப்பினான். கிளப்பிலிருந்து ஒரு கார்டு வந்தது. விதிப்படி சிறுவர்களுக்கு அனுமதி கிடையாது, மன்னிக்கவும் என்று காரியதரிசி வருத்தத்தோடு எழுதியிருந்தார்.

கடைசியில் மைனரும் காப்பாளரும் சேர்ந்தே சிரஸ்ததாரிடம் போனார்கள். ராமாமிர்தம் மேஜையைத் தட்டினான்.

"யோவ், நான் மேஜருய்யா!"

"எந்த ரெஜிமெண்டு?" என்று கேட்டார் சிரஸ்ததார். சீனாக்காரன் சண்டை முடிந்த நேரம், மரியாதையாகத்தான் கேட்டார்.

முப்பத்தாறு வயது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட்டை ராமாமிர்தம் நீட்டினான். சிரஸ்ததார் அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது டாக்டர் அபிப்பிராயம். டாக்டர் ஒங்க பல்லப் பாத்தாரு, நாங்க பைலப் பாத்தோம். டிகிரி திருத்தணும்னா வழி இருக்குது. மைனர் ஒரு மனு போடணும். மைனர் கையெழுத்து செல்லாது, காப்பாளர் போடணும். காப்பாளர் இந்தம்மா. இந்தம்மா ஒரு கையெழுத்துப் போட்டா அடுத்த வாரமே நீங்க மேஜர்."

அமராவதி பேனாவைக் கையில் எடுத்தாள். "நான் போட்டா எம் பொண்ணு வந்துடுவாளா?"

"பாப்பாவுக்கு இப்ப என்னா வயசு?"

"போன மாசம் அஞ்சு நெறஞ்சிதுங்க."

சிரஸ்ததார் உச்சுக்கொட்டினார். "அப்ப வரமாட்டா. டிகிரி திருத்தினா இவரு மேஜர். மேஜரானா தகப்பன். அஞ்சு நெறஞ்ச புள்ளைக்குத் தகப்பன்தான் பாத்தியதை. நாலு சம்மன் போயி வர்றதுக்குள்ள அது வயசு ஏறிடுச்சி. கோர்ட்டு இன்னா பண்ணும்? இந்தக் காலத்துப் புள்ளைங்க அவசரப்பட்டு வளருதுங்க."

ராமாமிர்தம் பல நாளுக்குப் பிறகு சிரித்தான். "போடு கையெழுத்த," என்றான்.

அந்த அறையில் பேனா பிடித்தவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். அதனால்தான் ஒரு தாய்க்குக் குழந்தை இல்லாமல் போயிற்று. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

அமராவதி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"போட மாட்டேன்."

"ஏய்!"

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "ஏங்க, இவரு எப்ப மேஜராவாரு?"

கணக்கு என்றதும் சிரஸ்ததாருக்கு முகம் மலர்ந்தது. "டிகிரிப்படி வயசு நாலரை. சாதாரண மைனர் பதினெட்டுல மேஜர். கோர்ட்டு காப்பாளர் போட்ட மைனருக்கு இருபத்தொண்ணு. இன்னும் பதினாறரை வருஷம் இருக்குதும்மா."

"அது வரைக்கும் எம் பொண்ணுக்கு யாரு பொறுப்பு?"

"தகப்பன்..." என்று ஆரம்பித்த சிரஸ்ததார் நிறுத்தினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டது அன்றைக்குத்தான். "மைனர் பொறுப்புல இன்னொரு மைனர எப்படி வுடறது?"

"அத ஜட்ஜய்யாகிட்ட கேக்கணும்ங்க," என்றாள் அமராவதி.

அடுத்த வாரம் கோர்ட் கூடியது. வக்கீல் வைக்க மைனருக்கு அதிகாரம் கிடையாது என்பதால் ராமாமிர்தம் தானே கத்தினான். "ஐயா, இது அநியாயம்! எனக்கு மீசை இருக்குது!"

"குழந்தையைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள் அம்மா," என்றார் நீதிபதி, காகிதத்தைப் பார்த்தபடியே.

சிரஸ்ததார் எழுந்து அவர் காதில் ஏதோ சொன்னார். நீதிபதியின் காது சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாருக்குமாகப் பேசினார்.

"நான் வந்த நாளாக இந்தக் கோர்ட்டில் தவறு நடந்ததில்லை. தவறு என்று யாராவது சொன்னால் அது மனுவாக வரும். அந்த மனுவை நான்தான் விசாரிப்பேன். விசாரித்துத் தள்ளுபடி செய்வேன். ஆகவே தவறு நடந்ததில்லை. மேல்கோர்ட்டுக்குப் போனால்தான் தவறு நடக்கும். யாராவது போகிறீர்களா?"

"தப்புன்னு நான் சொல்லலீங்க," என்றாள் அமராவதி. கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், ஆனால் குரல் கிடங்கில் மூட்டை எண்ணுகிறவளின் குரல். "ஒங்க உத்தரவு சரிங்க. அமீனாதான் வூடு மாறி வுட்டுட்டாரு. மைனரத் தாய்கிட்ட ஒப்படைக்கணும்னுதான எழுதியிருக்கீங்க? மைனரு இவரு. நான் இவரப் பெத்தவளா? இவரப் பெத்தவங்க ராசம்மா, சிதம்பரத்துல இருக்காங்க. சின்னஞ்சிறுசு அம்மாகிட்ட இருக்கிறதுதான சட்டம்? இவர அவுங்ககிட்ட வுட்டுடுங்க. காப்பாளர் நான், எனக்குச் சம்மதம்."

சிரஸ்ததார் டிகிரியை எடுத்து அந்த வரியைத் தேடினார். அமராவதி நிறுத்தவில்லை.

"ஞானாம்பாளுக்குத் தகப்பன் பொறுப்புன்னீங்க. தகப்பன் மைனராயிட்டாரு. தகப்பனுக்கு அப்பறம் தாய்னும் நீங்கதான் சொன்னீங்க. நான்தாங்க அவளப் பெத்தவ. அவள எங்கிட்ட குடுத்துடுங்க. டிகிரில நீங்க ஒண்ணும் மாத்த வேணாம்."

நீதிபதி மெல்ல நிமிர்ந்தார். ஆறு மாதமாகப் படியேறிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஓர் எழுத்துக்கூடவா?"

"ஒரு எழுத்துகூட வேணாம்ங்க."

"அப்படியே உத்தரவு," என்றார் நீதிபதி. அவ்வளவு வேகமாக அந்தக் கோர்ட்டில் எதுவும் முடிந்ததில்லை.

அப்துல் வதூது இந்த முறை இரண்டு ரசீதுகளோடு சிதம்பரம் போனார். ஒரு பக்கம் ராமாமிர்தம், மறுபக்கம் அமராவதி, பின்னால் சாமிக்கண்ணு. வாசலுக்கு வந்த ராசம்மாளிடம் முதல் ரசீதைப் படித்துக் காட்டினார். மைனர் ஒருவர், இருபத்தொரு வயது நிரம்பும் வரை.

ராசம்மாள் மகனை மேலும் கீழும் பார்த்தாள். "இவன ஒரு தடவ வளத்ததுக்கே எனக்கு ஊர்ல நல்ல பேரு இல்ல," என்றாள். உத்தரவு என்றதும் கைநாட்டு வைத்தாள்.

உள்ளே கதவோரமாக ஞானாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். மடியில் கொண்டுவந்த கவுன் இனி அவளுக்குப் போதாது. அமராவதியைப் பார்த்ததும் ஓடி வரவில்லை, அங்கிருந்தே கேட்டாள்.

"நீ என்ன வேணாம்னு போயிட்டேன்னு அப்பா சொன்னாரு."

அமராவதி அத்தனை பேர் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். "கோர்ட்டுல இருந்தேன் கண்ணு. ஒன்னத்தான் கேட்டுக்கினு இருந்தேன்."

குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு நடந்து வந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. அப்துல் வதூது இரண்டாவது ரசீதைத் தூரத்திலிருந்தே நீட்டினார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அமராவதி இந்தத் தடவை கையெழுத்துப் போட்டாள்.

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியபோது ராமாமிர்தம் வாசற்படிக்கு ஓடி வந்தான். எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், கிளப்புக்குப் போகிற வழியில் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

"அடியேய்! நான் அவளப் பெத்த அப்பன்டி! அப்பன்!"

ஆறு வருஷம் குடித்தனம் நடத்திய நாளிலும், கன்னத்தில் வாங்கிய அன்றைக்கும், அமராவதி அவனை நீங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள். இப்போது நின்று திரும்பினாள்.

"இருபத்தொண்ணு ஆவட்டும். அப்பறம் வந்து சொல்லு. இப்ப உள்ள போ, வெயில்ல நிக்காத," என்றாள்.